பாண்டில் கையெழுத்திடும் முன்

முனைவர் பட்டத்துக்குப் பணம் தருகிறோம்; முடித்ததும் இத்தனை ஆண்டு அரசுக்கு வேலை பார்க்க வேண்டும். இப்படி ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால் மம்சாபுரத்தில் அதை யாரும் சுமையாகப் பார்க்க மாட்டார்கள். "படிக்கவும் பணம் குடுத்து, முடிச்சதும் கவர்மெண்டு வேலையும் குடுக்காங்கன்னா யோசிக்க என்ன இருக்கு?" என்பதுதான் தெருவில் வரும் முதல் பேச்சு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி இது. மழையையும் மில் கூலியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு, ஒன்றாம் தேதி தவறாமல் வரும் சம்பளத்தின் அருமை தெரியும். அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கடிதத்தோடு ஒரு பத்திரமும் வருகிறது. எந்த வேலை, எந்த ஊரில், எப்போது தொடங்கும், பாதியில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், மாணவரால் கட்ட முடியாவிட்டால் யார் கட்டுவது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பேச்சு வழக்கில் இதை 'பாண்ட்' என்பார்கள். உதவித்தொகையின் அளவைப் பார்த்து முடிவெடுக்கிறவர்களே அதிகம். உண்மையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது படிப்புக்குப் பிறகு வரும் அந்தப் பணி ஆண்டுகள். அவற்றில் ஆராய்ச்சி தொடருமா, நின்றுபோகுமா என்று தெரிந்துகொள்ளாமல் போடும் கையெழுத்து, ஐந்து வருட உழைப்பின் பலனை யாரோ எழுதும் ஒரு பணியிட ஆணையிடம் ஒப்படைத்துவிடுகிறது.

வேலைக்குள் இருப்பவரும் வெளியே இருப்பவரும்

ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்துகொண்டு ஆய்வுக்குப் போகிறவரும், பணிக்கே வராமல் பாண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் படிக்கத் தொடங்குகிறவரும் ஒரே கணக்கில் வர மாட்டார்கள். இருவர் எடுக்கும் அபாயமும் வேறு வேறு.

முதலாமவருக்கு வேலை என்னவென்று தெரியும். மத்திய அரசு ஊழியராக இருந்தால் 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகள் அவருக்குக் கல்வி விடுப்பு தருகின்றன. பொதுவாக 5 ஆண்டு தொடர் பணி முடித்திருக்க வேண்டும். படிப்புக்கும் அவர் பார்க்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு வேண்டும். பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 24 மாதம் வரை விடுப்பு கிடைக்கும். அந்தக் காலத்திலும் சம்பளம் வரும். பதவி மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் அந்த நாட்கள் கணக்கில் சேரும். பதிலுக்கு, திரும்பி வந்து 3 ஆண்டு பணியாற்றுவதாக பாண்ட் எழுதித் தர வேண்டும். மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்களுக்கு 5 ஆண்டு. மாநில அரசு ஊழியர்களுக்கும் அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் விதிகள் வேறு. மத்திய அரசு விதியைப் படித்துவிட்டு நமக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு 1970 முதல் தர மேம்பாட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. க்யூ.ஐ.பி. என்றால் எல்லா ஆசிரியர் அறைகளிலும் தெரியும். சம்பளத்தோடு ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் முனைவர் பட்டம் முடிக்கலாம். முடித்ததும் அனுப்பிய கல்லூரிக்கே திரும்ப வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மேலோட்டமாகப் படித்தால் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கல்வி விடுப்போ 24 மாதம். அதாவது ஆய்வேடு முடியும் முன்பே விடுப்பு முடிந்துவிடும். மீதியை வேலை பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். மத்திய அரசு விதியில் இன்னொரு வரியும் உண்டு: படிப்பை முடிக்காமல், அதற்கான சான்றைத் தர முடியாமல் போனாலும் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம். வேலையை விட்டு ஓடுகிறவருக்கு மட்டும்தான் அபராதம் என்று நினைத்துக் கையெழுத்திட்டவர், உண்மையாக உழைத்தும் முடிக்க முடியாமல் போனால், அவரும் அதே விதிக்குள் வந்து நிற்பார். கருணை காட்டித் தொகையைக் குறைக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. ஆனால் கருணையை நம்பிக் குடும்பக் கணக்கு போட முடியாது.

ஆகவே பணியில் இருப்பவர் விடுப்பை எப்போது எடுப்பது என்பதில் கவனமாக இருக்க வேண்டும். பகுதி நேரமாகப் பதிவு செய்துகொள்ள 2022 விதிகள் இடம் தருகின்றன; அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பாடத்தேர்வுகளையும் இலக்கிய மீளாய்வையும் வேலையோடு சேர்த்து முடித்துவிட்டு, பரிசோதனைக்கும் எழுத்துக்கும் விடுப்பை வைத்துக்கொள்வது நல்லது. நிறுவனம் சம்மதித்தால் பணியும் ஆய்வும் ஒன்றாகவே நடக்கும். நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன் 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார், மும்பை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றது 2006இல். ராக்கெட் ஏவுதல் அவருடைய அன்றாட வேலை, ஆய்வும் விண்வெளிப் பொறியியல்தான். வேலையே ஆய்வுப் பொருளாக இருப்பவருக்கு இந்த வழி இயல்பாகப் பொருந்தும்.

இரண்டாமவர், அதாவது பணிக்கு வெளியே இருந்து பாண்ட் போடுகிறவர், இன்னும் பார்க்காத வேலைக்கு வாக்குக் கொடுக்கிறார். அணுசக்தித் துறை இதைக் கொஞ்சம் நேர்மையாகவே செய்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்கிறவர் குறைந்தது 3 ஆண்டு துறையில் பணியாற்றுவதாக எழுதித் தருகிறார். பயிற்சியின்போதே உதவித்தொகை, முடித்ததும் அறிவியல் அதிகாரி வேலை, அதன் பிறகு ஹோமி பாபா தேசியக் கல்வி நிறுவனத்தின் வழியாக முனைவர் பட்டத்துக்கும் வாய்ப்பு. கல்பாக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இப்படி வந்தவர்கள் பலர். வேலை முதலில், பட்டம் பிறகு என்ற இந்த வரிசையில், இருட்டில் எடுக்கும் முடிவு குறைவு. சேரும் நாளிலேயே எந்தத் துறை, என்ன சம்பளம், எந்த வகையான ஆய்வகம் என்று தெரிந்துவிடுகிறது.

மருத்துவர்களின் வழக்கு

பாண்ட் என்றதும் தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுவது மருத்துவம்தான். டி.எம்., எம்.சிஎச். போன்ற உயர் சிறப்புப் படிப்புகள் முறையான முனைவர் பட்டம் ஆகா, ஆனாலும் எம்.டி.க்குப் பிறகு மூன்று ஆண்டு, அரசு உதவித்தொகை, பிறகு கட்டாயப் பணி என்ற அமைப்பு இந்த அத்தியாயத்தின் பொருளோடு அப்படியே ஒத்துப்போகிறது. இந்தப் பணி நிபந்தனைகளை எதிர்த்துத் தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களின் மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். தொழில் செய்யும் உரிமை பறிபோகிறது, இது கட்டாய உழைப்பு என்பது அவர்கள் வாதம். 2019 ஆகஸ்ட் 19 அன்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், ஹேமந்த் குப்தா அமர்வு அந்த வாதங்களை ஏற்கவில்லை. மக்கள் பணத்தில் படித்தவர் மக்களுக்குச் சில ஆண்டு பணி செய்யக் கேட்பது செல்லும் என்றது. மாநிலத்துக்கு மாநிலம் நிபந்தனை வேறுபடுவதைக் கண்ட நீதிமன்றம், நாடு முழுவதற்கும் ஒரே கொள்கை வகுக்கும்படி மத்திய அரசுக்கு யோசனையும் சொன்னது.

தீர்ப்பைப் படிக்கும்போது மறுபக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12இல்தான். அதற்கு முன்பு சிறுநீரகம், இதயம், நரம்பு என்று எதற்கும் மதுரைக்கு வண்டி பிடித்த ஊர்கள் இவை. உயர் சிறப்பு மருத்துவர் ஒருவர் பாண்டுக்காக வந்து இரண்டு ஆண்டு இருந்தாலும் அந்த இரண்டு ஆண்டில் பிழைத்த உயிர்கள் உண்டு. இந்தப் பகுதியில் பிறந்து படித்து வரும் ஒருவருக்கு, அரசுப் பணி நிபந்தனை என்பது தன் மக்களுக்குச் செய்ய நினைத்ததையே சம்பளத்தோடு செய்யக் கிடைத்த வழியாகவும் இருக்கலாம். அப்படி மனதார நினைக்கிறவருக்கு மீதிக் கணக்குகள் பாதிக்கு மேல் தேவைப்படாது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டெல்லி வரை

வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கையை இங்கே சொல்லாமல் விட முடியாது. மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, பிறகு கல்கத்தாவில் சி.வி. ராமனின் ஆய்வகம். 1928 மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் ஒளிச்சிதறல் பற்றி ராமனோடு சேர்ந்து எழுதிய குறிப்பில் அவர் பெயர் இருக்கிறது. டாக்கா, மறுபடி கல்கத்தா, அலகாபாத் என்று பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனத்திலும் கழித்த பிறகுதான், ஐம்பதை நெருங்கும் வயதில், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அரசுப் பணி அவருக்கு ஆய்வின் தொடர்ச்சியாகவே வந்தது. அந்தப் பணியை அவர் அவ்வளவு சிறப்பாகச் செய்ததற்கு அதற்கு முன்னால் தடையில்லாமல் கிடைத்த இருபது ஆண்டுகளும் ஒரு காரணம்.

அவருடைய குருநாதர் ராமனின் கதை எதிர்ப்பக்கம் போகிறது. 1907இல் இந்திய நிதித் துறையில் உதவித் தலைமைக் கணக்காயராகச் சேர்ந்தவர், அலுவலகம் போக மிச்ச நேரத்தில் ஆய்வு செய்தார். 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி வந்தபோது குறைந்த சம்பளத்துக்கு அரசுப் பதவியை விட்டார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ராமன் போக மறுத்தார். அவருக்காக நிபந்தனை தளர்த்தப்பட்டது. ராமனுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்காது என்பது சரிதான். ஆனால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பதில் குற்றம் இல்லை. பணியிடத்தை முன்கூட்டிச் சொல்லும்படியும், பிரசவக் காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கும்படியும், பணி ஆண்டுகளை ஒரே தவணையாக இல்லாமல் பிரித்துச் செய்ய அனுமதிக்கும்படியும் எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டாலும் கேட்ட கடிதம் கோப்பில் இருக்கும்.

நிபந்தனை இல்லாத பணமும் நம் வரலாற்றில் இருக்கிறது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனுக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. கேட்டது மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை, அவ்வளவுதான். துறைமுகக் கழகமும் விடுப்புக் கொடுத்தது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பவை பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) போன்றவை.

கணக்கு

2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகையாக (எஸ்.ஆர்.எஃப்.) 42,000. ஐந்து ஆண்டுக்கு வீட்டு வாடகைப்படி போக 24 லட்சம். பணி நிபந்தனை கிடையாது. 2018இல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000இல் தொடங்கி 80,000 வரை போகும். ஐந்து ஆண்டுக்கு 45 லட்சம். அதன் நிபந்தனை, பக்கத்தில் உள்ள பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., பொறியியல் கல்லூரிகளில் பாடம் நடத்துவது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கிறது. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலோ ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரியிலோ முதுகலை முடித்துவிட்டு நிற்கும் ஒருவர், பாண்டோடு வரும் பணத்தைச் சும்மா இருப்பதோடு ஒப்பிடக் கூடாது. இந்தத் தொகைகளோடு ஒப்பிட வேண்டும். ஜே.ஆர்.எஃப்.புக்கான நெட் தேர்வை இன்னும் ஒருமுறை எழுதிப் பார்க்கும் வயதும் தெம்பும் இருந்தால், ஓராண்டு பொறுப்பது கோழைத்தனம் ஆகாது. ஜே.ஆர்.எஃப். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, தளர்வுகள் உண்டு.

வருமான வரியையும் சேர்க்க வேண்டும். படிப்புக்கான உதவித்தொகைக்கு வரி விலக்கு உண்டு. கல்வி விடுப்பில் வரும் சம்பளம் சம்பளமே, வரி உண்டு.

அடுத்தது திருப்பிக் கட்டும் தொகை. ஓர் உதாரணம்: படிகளோடு மாதம் 70,000 ரூபாய் வாங்குபவர் 24 மாதம் கல்வி விடுப்பில் போகிறார். திரும்பி வந்து ஒன்றரை ஆண்டில் தனியார் பல்கலைக்கழகத்தில் நல்ல இடம் வருகிறது. விட்டுப் போக வேண்டுமானால் 16 லட்சத்து 80 ஆயிரம், அதோடு கட்டணங்கள், கேட்பு நாளிலிருந்து வட்டி. பாதிக் காலம் வேலை பார்த்துவிட்டோம், பாதித் தொகைதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மத்திய அரசின் அந்த விதியில் அப்படிக் கழிவு எதுவும் எழுதப்படவில்லை. பணம் கட்டாமல் ராஜினாமா ஏற்கப்படாது என்றும் இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் கழிவு உண்டு என்றால் அது எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்ல வேண்டும், வாய்ச்சொல் போதாது. இன்னொரு அரசுத் துறைக்கோ பொதுத்துறை நிறுவனத்துக்கோ முறைப்படி அனுமதி பெற்றுப் போகிறவருக்கு பாண்டைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழி பல இடங்களில் இருக்கிறது. அதையும் முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

"இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று தைரியம் சொல்லும் நண்பர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு வரைதான் வாங்க முடியும் என்பது பொது விதி. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. சட்டப்படியோ அரசு ஆணைப்படியோ, பொதுக் கடமைக்காக எழுதிக் கொடுத்த பத்திரமென்றால், எழுதிய தொகை முழுவதையும் கட்ட வேண்டும். அரசோடு ஒப்பந்தம் போட்ட எல்லோரும் பொதுக் கடமை ஏற்றதாகிவிடாது என்று விளக்கமும் அங்கேயே இருக்கிறது. எந்தப் பக்கம் விழும் என்பதைப் பத்திரத்தின் வாசகம் முடிவு செய்யும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நீதிமன்றங்கள் இப்போது பாண்டை எளிதில் தள்ளிவிடுவதில்லை என்று எடுத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் பாதுகாப்பு. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் பழக்கத்தை மட்டும் நீதிமன்றங்கள் பலமுறை கண்டித்திருக்கின்றன. சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை.

ஜாமீன் போடுகிறவர்

இந்த முடிவில் மாணவருக்கு இணையாக மாட்டிக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி வழிகாட்டி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. பல பத்திரங்களில், குறிப்பாக நிரந்தரப் பணியில் இல்லாதவர் எழுதும் பத்திரங்களில், இரண்டு ஜாமீன்தாரர் கையெழுத்து வேண்டும். பெரிய நகரத்தில் அது ஒரு சம்பிரதாயம். கிராமத்தில் அது தாய்மாமன், சித்தப்பா, அல்லது சொந்தத்தில் அரசு வேலையில் இருக்கும் ஒரே ஒருவர். "மாமா, ஒரு கையெழுத்துதான்" என்று கேட்டால் அவர் மறுக்க மாட்டார். பத்திரத்தைப் படிக்கவும் மாட்டார். மாணவர் வெளிநாட்டில் குடியேறிவிட்டால் அறிவிப்பு வருவது மாமா வீட்டு வாசலுக்கு. பிடித்தம் வருவது அவர் சம்பளத்தில் அல்லது நிலத்தின் மேல்.

அதனால் ஜாமீன்தாரரிடம் தொகையையும் ஆண்டுகளையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து கேட்பதே முறை. அவர் ஒரு வாரம் யோசிக்கட்டும். இந்த உரையாடலைத் தவிர்க்கிற மாணவர், பணி ஆண்டுகளை முடிக்கும் உறுதி தனக்கே இல்லை என்பதை உள்ளூர அறிந்திருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

பணி ஆண்டுகளின் விலை

பட்டம் முடிந்த முதல் மூன்று நான்கு ஆண்டுகள் ஆராய்ச்சியாளருக்கு மிகவும் முக்கியமானவை. முதுமுனைவர் ஆய்வு, முதல் தனிக் கட்டுரைகள், சொந்தப் பெயரில் முதல் நிதி எல்லாம் அப்போதுதான். வயதுக் கதவுகளும் அப்போதுதான் மூடுகின்றன. தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்குப் பொது வயது வரம்பு 35, இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி உதவித்தொகைக்கு 32. இருபத்து மூன்றில் முதுகலை முடித்து, ஐந்து ஆண்டில் பட்டம் பெற்று, மூன்று ஆண்டு பாண்ட் பணி முடித்தால் வயது 31. ஆய்வோடு சம்பந்தமில்லாத பணியில் அந்த மூன்று ஆண்டு போனால், இன்ஸ்பயருக்கு விண்ணப்பிக்க ஓராண்டுதான் மிச்சம். அதற்கான கட்டுரைகளும் கையில் இருக்காது.

பணி ஆய்வோடு பொருந்தினால் இதே ஆண்டுகள் வேறு மாதிரி இருக்கும். பருத்தி இனவிருத்தியில் முனைவர் பட்டம் பெற்றவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம் நடத்தும் பருத்தி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் பணி கிடைத்தால், ஆய்வேட்டின் அடுத்த பகுதியை வயலிலேயே எழுதலாம். அதே மாணவரை மாவட்ட அலுவலகம் ஒன்றில் பயனாளிப் பட்டியல் சரிபார்க்க வைத்தால், மூன்றாவது பருவத்துக்குள் அவர் இதழ்களைப் படிப்பதையே விட்டிருப்பார். பாண்டின் ஆண்டுகளும் தொகையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஸ்மார்ட் உதவித்தொகை இந்த இடத்தில் ஒரு நல்ல முன்மாதிரி. நம் ஊர் மாணவர் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் அமைப்பு கவனிக்கத்தக்கது. ஓராண்டு நிதிக்கு ஓராண்டு பணி என்பது கணக்கு. எந்த ஆய்வகம் தத்தெடுக்கிறது என்பது நிதி தரும்போதே முடிவாகிவிடுகிறது. கோடை விடுமுறைகளில் அங்கேயே பயிற்சி. பணிக்குச் சேரும் நாளில் மேலதிகாரியும் மேசையும் பழகியிருக்கும். துருக்கியில் 1929ஆம் ஆண்டின் 1416ஆம் எண் சட்டத்தின் கீழ் அரசுப் பணத்தில் வெளிநாடு போகிறவர், படித்த காலத்தைப் போல் இரு மடங்கு பணி செய்ய வேண்டும். சீன அரசின் உதவித்தொகையில் வெளிநாட்டில் படித்த சீனர்கள் திரும்பிப் போய் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்-நேரு போன்ற திட்டங்களில் அமெரிக்கா போகிற இந்தியருக்கும் இரண்டு ஆண்டு தாயகத்தில் தங்கும் விதி உண்டு. அது அரசு வேலை கேட்பதில்லை, இருப்பை மட்டும் கேட்கிறது. ஒப்பிட்டால், மூன்று ஆண்டு என்ற நம் நாட்டுக் கணக்கு உலக அளவில் கடுமையானது என்று சொல்ல முடியாது. குறை இருப்பது வேறு இடத்தில்: எங்கே, என்ன வேலை என்பதை நம் பத்திரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, முன்னால் போனவர்களைக் கேட்பது. அதே திட்டத்தில் நான்கைந்து ஆண்டுக்கு முன் படித்து முடித்தவர்களைத் தேடிப் பிடித்து, எங்கே பணி கிடைத்தது, ஆணை வர எத்தனை மாதம் ஆனது, காத்திருந்த மாதங்கள் பாண்ட் காலத்தில் சேர்ந்தனவா, அங்கே இருந்துகொண்டு கட்டுரை எழுத முடிந்ததா என்று கேட்க வேண்டும். அலுவலர் சொல்லும் பதிலைவிட இந்த அண்ணன்கள், அக்காக்கள் சொல்வதற்கு எடை அதிகம். நெறியாளரிடமும் கேட்கலாம். ஆனால் நெறியாளருக்குத் தன் ஆய்வகத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்ற ஆசை இருக்கும்; அதைக் கழித்துக்கொண்டுதான் அவர் பதிலை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கு இன்னும் சில கேள்விகள் உண்டு. 2022 விதிகள் ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை பிரசவ, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், பட்டம் முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் தருகின்றன. பல்கலைக்கழகம் தரும் அவகாசத்தைப் பணம் தரும் துறையும் ஏற்கிறதா என்பது தனிக் கேள்வி. பணி ஆண்டுகளில் திருமணமாகி வேறு மாவட்டம் போனால் இடமாறுதல் உண்டா என்பதும் அப்படியே. "கல்யாணத்துக்கப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். பத்திரத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கல்யாணத்துக்கு முன்னால் பார்ப்பதுதான் அந்தப் பெண்ணுக்கு நல்லது.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரங்களும் இருக்கின்றன. பணியிடம் முற்றிலும் துறையின் விருப்பம் என்று எழுதியிருந்து, முன்னால் போனவர்கள் ஆய்வை விட்டுவிட்டதாகச் சொன்னால். திருப்பிக் கட்டும் தொகை குடும்பத்தின் மொத்தச் சொத்தை நெருங்கினால். படிப்பு முடியும் முன் நிதி நின்றாலும் பாண்ட் நிற்காது என்றிருந்தால். மனதுக்குள் வெளிநாட்டு முதுமுனைவர் ஆய்வைத்தான் திட்டமிட்டுக்கொண்டு, பாண்டைப் பிறகு உடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அது சட்டச் சிக்கல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் உண்மையாகப் பணி செய்ய நினைத்த இன்னொருவரின் வாய்ப்பையும் எடுத்துக்கொள்வதாகும். மற்ற பக்கம், எத்தனை வருடமானாலும் இந்த மண்ணிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருப்பவருக்கு, பணி ஆய்வோடு ஓரளவேனும் பொருந்தினால், தயங்க அதிகம் இல்லை. எப்படியும் செய்யப் போகிற ஒன்றைத்தான் அவர் எழுதிக் கொடுக்கிறார்.

கையெழுத்திட்டபின் பத்திரத்தின் சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்றை மாணவரும், ஒன்றை ஒவ்வொரு ஜாமீன்தாரரும் வைத்துக்கொள்ள வேண்டும். பணியில் சேர்ந்த நாள், எடுத்த விடுப்பு, ஒவ்வோர் ஆண்டும் முடித்த பணிக்கான சான்று எல்லாவற்றையும் அதே உறையில் சேர்த்து வர வேண்டும். ஆண்டுகள் முடிந்ததும் பாண்ட் தானாக முடிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. பொறுப்பிலிருந்து விடுவித்ததாகத் துறையிடமிருந்து எழுத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, அதன் நகலை மாமாவிடமும் சித்தப்பாவிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.